கோழிக்கோட்டில் கால்பந்து மேட்ச் பார்க்கப் போகும் நம்ம கரைக்காரர்களுக்கு

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் நம் கரை ஊர்களில் பந்தைத் தொடாத பையனைப் பார்ப்பது அபூர்வம். கிறிஸ்துமஸுக்கு ஆழ்கடல் படகுகள் திரும்பிவிட்டால் டூர்ணமென்ட் சூடு பிடித்துவிடும். சாயங்காலம் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். ஐரோப்பிய மேட்ச்சை டிவியில் பாருங்கள் மக்களே, ஆனால் கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து ஆட்டம் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

போவதென்றால் மேட்ச் உள்ள நாளில்தான் போக வேண்டும். மற்ற நாளில் பூட்டிய கேட்டையும் சுற்றியுள்ள கடைகளையும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கோகுலம் கேரளா கிளப்பின் ஹோம் மேட்ச், அல்லது கேரள கிளப்களுக்கான சூப்பர் லீக் கேரளாவில் காலிகட் எஃப்.சி.யின் மேட்ச் எது வருகிறது என்று பாருங்கள். தேதி மாறுவது சகஜம் என்பதால் அது உறுதியான பிறகே ரயில் டிக்கெட் போடுங்கள். மேட்ச் டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடலாம்.

பரசுராம் எக்ஸ்பிரஸ் வசதியான வண்டி. விடியும் முன்னே குழித்துறையில் ஏறினால் 400 கிலோமீட்டருக்கு மேல் பகல் பயணம்; கோழிக்கோடு போய்ச் சேரும்போது சாயங்காலம் நெருங்கிவிடும். வண்டி தாமதமானால் தவித்துப்போவோம் என்பதால், பையன்களைக் கூட்டிப்போனால் நான் முந்தின நாளே போய்விடுவேன். மாவூர் ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்தால் ஸ்டேடியத்துக்கு நடந்தே போகலாம்.

ரயிலில் சும்மா இருக்கிற நேரத்தில் பையன்களுக்கு இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். 1952-ல் சேட் நாக்ஜி கோப்பை கால்பந்து டூர்ணமென்ட் தொடங்கியது முதல் இந்த ஊருக்குப் பந்துப் பைத்தியம் தலைக்கேறியது. அப்போது ஆட்டமெல்லாம் மானாஞ்சிரா மைதானத்தில். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்த அணியில் ஆடிய ஒலிம்பியன் ரஹ்மான் இந்த ஊர்க்காரர். நாம் போகிற இ.எம்.எஸ். ஸ்டேடியம், அதாவது மாநகராட்சி ஸ்டேடியம், 1977-ல் வந்தது. 1987-ல் நேரு கோப்பை சர்வதேசப் போட்டி இங்கே நடந்தபோது சோவியத் யூனியன் கோப்பையைத் தட்டிச் சென்றது. 2016-ல் நாக்ஜி கோப்பையை மறுபடி தொடங்கியபோது பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோவே ஊருக்கு வந்தார். 2020-21, 2021-22 என்று கோகுலம் அடுத்தடுத்து ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்றது. 2024 நவம்பர் 10-ல் சூப்பர் லீக் கேரளாவின் முதல் இறுதி ஆட்டம். இதே ஸ்டேடியத்தில் காலிகட் எஃப்.சி. 2-1 என்று ஃபோர்ஸா கொச்சியை வென்றது. அப்புறம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் கோகுலத்துக்கு ஆடியிருக்கிறார். நம் மணலில் பந்து தட்டிய ஆள்! இதைக் கேட்டதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எல்லாம் ரூமிலேயே இருக்கட்டும். வாசல் சோதனையில் வாங்கி வைத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். விலை கூடிய சீட் வேண்டாம், சாதாரண கேலரி போதும். சிமெண்ட் படி பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும், உட்கார ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மழை வருவது போலிருந்தால் மழைக்கோட்டும் வேண்டும்.

மேல் படிகளில் இடம் பிடியுங்கள். டிவியில் பந்து போகிற இடம் மட்டும்தான் தெரியும். மேலே உட்கார்ந்தால் பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முழு மைதானமும் தெரியும். இடது பக்க பேக், அதாவது தடுப்பாட்டக்காரர், எப்போது முன்னே ஏறுகிறார், அவர் விட்டுப்போன இடத்தை யார் வந்து அடைக்கிறார்? முதல் பாதி முழுக்க அந்த ஒருவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் பந்து உருளாது, அதனால் நம் பையன்கள் காலடியிலேயே வைத்து வெட்டி வெட்டிப் போவார்கள். புல்தரையில் முதல் தொடுதலிலேயே பந்தைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் ஏறாதது, அந்தப் படியில் உட்கார்ந்தால் ஏறிவிடும்.

பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அங்கே வயசான காக்காமார் (முஸ்லிம் பெரியவர்கள்) பலர் வருவார்கள், பழைய நாக்ஜி ஆட்டங்களைப் பார்த்தவர்கள். நல்ல பாஸ் எதிரணி போட்டாலும் அவர்கள் கை தட்டுவார்கள். நம் பையன்களுக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும். நம் டூர்ணமென்ட்களில் இந்தப் பழக்கம் போதாது என்பது என் நெடுநாள் வருத்தம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. 1939 முதல் இருக்கும் பாரகன் ஹோட்டலில் பிரியாணி நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் அதிகம். ஆட்டத்துக்கு முன் அங்கே போய் நேரத்தை விடாதீர்கள். சிப்பி சாப்பிடப் பிடிக்கும் என்றால் கல்லுமக்காய் பொரித்ததைச் சாப்பிடுங்கள், பிறகு ஒரு சுலைமானி, அதாவது பால் சேர்க்காத டீ. அல்வா வாங்க மிட்டாய்த் தெரு.

திரும்புவதற்கு மாவேலி எக்ஸ்பிரஸை நம்ப வேண்டாம். இரவு ஆட்டம் முடியும் முன்பே அது போய்விடக்கூடும். மலபார் எக்ஸ்பிரஸ் அதற்குப் பின்னால் வருகிறது, காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கலாம். சின்னப் பையன்கள் கூட இருந்தால் அதுவும் வேண்டாம், ராத்திரி தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.