பழைய ஆர்.பி.ஜி. கேம்கள்: எதில் தொடங்குவது, எந்த வரிசையில் போவது?

ஆர்.பி.ஜி. என்றால் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, வளர்த்து, கதைக்குள் ஆடும் கேம். அந்த வகையில் 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ முடித்தவர்களில் பலர் அடுத்து அதன் முதல் இரண்டு பாகங்களைத் தேடுகிறார்கள். தேடப் போனால் பெரிய பட்டியலே வந்து விழுகிறது: ஃபால்அவுட், அல்டிமா, விசார்ட்ரி, மாரோவிண்ட், பிளேன்ஸ்கேப். எல்லாவற்றுக்கும் ‘கட்டாயம் விளையாடியே ஆக வேண்டும்’ என்ற முத்திரை வேறு. சரி, முறைப்படி பார்ப்போம் என்று இருப்பதிலேயே பழசை எடுத்து, அரை மணி நேரத்தில் மூடிவைத்துவிட்டு, ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று போய்விடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு வரிசையில்தான்.

படி 1: வெளிவந்த ஆண்டை மறந்துவிடுங்கள்

1981-ல் வந்த முதல் விசார்ட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளால் வரைந்த சுரங்கப் பாதை, ஆறு பேர் கொண்ட குழு, திரையில் வரைபடம் கிடையாது. கட்டம் போட்ட தாளில் நீங்களேதான் வரைந்துகொண்டு போக வேண்டும். 1988-ன் பூல் ஆஃப் ரேடியன்ஸில் கதையின் பாதி பெட்டியோடு வந்த அச்சுப் புத்தகத்தில் இருந்தது. இத்தனாவது பத்தியைப் படி என்று கேம் சொல்லும், நீங்கள் புரட்டிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே படித்துவிடுபவர்களை ஏமாற்றப் பொய்த் தகவல்களையும் அதில் கலந்து வைத்திருந்தார்கள்.

ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் அருமை. ஆனால் முதல் நாளிலேயே இதில் இறங்க வேண்டாம். 1997-லிருந்து 2003 வரையிலான காலத்தில் தொடங்குங்கள். மவுஸ் வைத்தே ஆடலாம், வசனம் படிக்கும்படி இருக்கும், படமும் கண்ணை உறுத்தாது. அங்கே கை பழகிய பிறகு பின்னோக்கிப் போகலாம்.

படி 2: உங்களுக்கு எது பிடிக்கும் என்று முடிவு செய்யுங்கள்

மூன்றே கேள்விகள். நிறையப் படிக்கப் பிடிக்குமா? சண்டையில் கணக்குப் போட்டு ஜெயிக்கப் பிடிக்குமா? சும்மா ஊர் சுற்றப் பிடிக்குமா? இதற்கான பதில் நான்காவது படியில் தேவைப்படும். முதல் கேமுக்குத் தேவையில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

படி 3: முதலில் ஃபால்அவுட்

1997-ல் இன்டர்பிளே வெளியிட்டது. இதை முதலில் வைக்கக் காரணம் அதன் புகழ் இல்லை, நீளம். இந்தக் கூட்டத்தில் மற்றவை மாதக்கணக்கில் இழுக்கும். இதைச் சில வார இறுதிகளில் முடித்துவிடலாம். ஒரு பழைய கேமை முழுசாக முடித்த தெம்பு கிடைத்தால்தான் அடுத்ததைத் தொட மனசு வரும்.

அணுப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியா. நீங்கள் வாழும் நிலத்தடிக் காப்பகத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் சிப் பழுதாகிவிட்டது. புதுசு கொண்டுவர 150 நாள் கெடு. கெடுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவகாசம் தாராளமாகவே இருக்கிறது. நாட்களை விழுங்குவது ஊர்விட்டு ஊர் போகும் பயணமும், காயம் ஆறட்டும் என்று வாரக்கணக்கில் ஓய்வெடுப்பதும்தான்.

புதியவர்கள் சறுக்குவது பாத்திரத்தை உருவாக்கும் இடத்தில். அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். ஏழு குணங்கள் இருக்கும். அவற்றில் சுறுசுறுப்பைத்தான், அதாவது அஜிலிட்டியைத்தான், முதலில் ஏற்ற வேண்டும். சண்டையில் உங்கள் முறை வரும்போது எத்தனை ஆக்‌ஷன் பாயின்ட் கிடைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது: அஜிலிட்டியில் பாதி, அதோடு ஐந்து. அஜிலிட்டி 6 என்றால் 8 பாயின்ட். கையிலிருக்கும் துப்பாக்கியால் ஒருமுறை சுட 5 பாயின்ட் ஆகும். ஆக ஒரு குண்டுதான். மிச்சம் மூன்றில் நாலடி நகரக்கூட முடியாது. அஜிலிட்டி 10 என்றால் 10 பாயின்ட், இரண்டு குண்டு. கேம் முழுக்க இந்த வித்தியாசம் கூடவே வரும்.

‘கிஃப்டட்’ என்ற இயல்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு குணங்களும் ஒவ்வொரு புள்ளி ஏறும். திறமைகளில் சிறிய துப்பாக்கி, பேச்சு, பூட்டுத் திறப்பு மூன்றையும் குறியிடுங்கள். இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதவிலும் மாட்டிக்கொண்டு நிற்க மாட்டீர்கள். அப்புறம் ஒன்று: வழியில் வரும் ஷேடி சாண்ட்ஸ் கிராமத்தைத் தாண்டுவதற்குள் ஒரு கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று வால்ட் 15 என்ற இன்னொரு காப்பகத்தில் தெரியும்.

ஃபால்அவுட் 2 (1998) இதைவிடப் பெரியது, வேடிக்கையும் அதிகம். ஆனால் அதை உடனே தொடாதீர்கள். ஆரம்பத்திலேயே ஒரு கோயிலில் ஈட்டியோடு எறும்புகளையும் தேள்களையும் அடித்துக்கொண்டு போக வேண்டும்; துப்பாக்கியும் பேச்சும் வைத்து உருவாக்கிய பாத்திரத்துக்கு அது வெறும் சித்திரவதை.

படி 4: பால்டர்ஸ் கேட் 1, அப்புறம் ஒரு பிரிவு

பயோவேர் 1998-ல் செய்தது. 2012-ல் வந்த மேம்பட்ட பதிப்பையே வாங்குங்கள், இன்றைய திரைகளில் தகராறு இல்லாமல் ஓடும். இதை இரண்டாவதாக வைக்கக் காரணம், இதில் வளர்க்கும் ஆளை அப்படியே இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம். இந்தப் பட்டியலில் வரிசை மாற்றவே கூடாத இடம் இது ஒன்றுதான். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆரம்பத்திலேயே 20,000 பொற்காசு திரட்டச் சொல்லி ஒரு மாநகரத்தில் இறக்கிவிடுவார்கள். தெருவுக்குத் தெரு யாராவது வேலை கொடுப்பார்கள். விதிகள் தெரியாமல் அங்கே போனால் தலை சுற்றும்.

விதிகளில் எல்லோரையும் குழப்புவது ‘தாக்கோ’, அதாவது உங்கள் ஆள் அடிப்பதில் எவ்வளவு தேர்ந்தவர் என்பதைக் காட்டும் எண். பெயர்தான் பயமுறுத்துகிறது, கணக்கு ஒரு கழித்தல்தான். உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸை, அதாவது கவசத்தின் எண்ணை, கழியுங்கள். இருபது முகப் பகடையில் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். முதல் லெவல் வீரனின் தாக்கோ 20. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 4. அப்போது 16 விழ வேண்டும், அதாவது நான்கு வீச்சுக்கு ஒன்று படும். இதே ஆர்மர் கிளாஸ் மைனஸில் இருந்தால் இன்னும் கஷ்டம். இந்தக் கேமில் கவசத்தின் எண் குறையக் குறைய நல்லது என்பது மட்டும் நினைவிருக்கட்டும், கடையில் ஏமாற மாட்டீர்கள்.

முதல் லெவலில் ஓநாய்கூட உங்களைக் கொன்றுவிடும். அதனால் எல்லோர் கையிலும் வில்லோ கவணோ கொடுங்கள், மந்திரவாதிக்குத் தூங்க வைக்கும் மந்திரத்தைக் கொடுங்கள், சண்டை தொடங்கியதும் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி யோசியுங்கள். ஃபிரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தின் படிக்கட்டில் ஒருவன் நின்று ‘நீதானா அது?’ என்கிற மாதிரி விசாரிப்பான். அவன் பேச்சை முடிப்பதற்குள் சேவ் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதை முடித்தபின் இரண்டாம் படியில் சொன்ன பதிலை எடுங்கள். சண்டைக் கணக்கு பிடித்திருந்தால் நேராக பால்டர்ஸ் கேட் 2.

படிக்கப் பிடித்தவர்களுக்கு 1999-ன் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். பிணவறையில் கண் விழிக்கும், சாகவே முடியாத ஒருவனின் கதை. சண்டை சுமார்தான், எழுத்துக்காகத்தான் ஆடுகிறோம். விஸ்டம், இன்டலிஜென்ஸ், கரிஸ்மா மூன்றில் புள்ளிகளைக் கொட்டுங்கள். பலத்தில் போட்டால் கேமின் நல்ல பாதியைப் பார்க்காமலே போய்விடுவீர்கள். ஒரு எச்சரிக்கை: வசனம் மலைபோல இருக்கும், அதிலும் அந்த ஊருக்கே உரிய கொச்சை ஆங்கிலம். வேகமாக ஆங்கிலம் படித்துப் பழகாதவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுவதில் தப்பே இல்லை.

ஊர் சுற்றிகளுக்கு 2002-ன் மாரோவிண்ட். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. ‘பாலத்தைத் தாண்டி வலது பக்கம் போ’ என்று ஆட்கள் வாயால்தான் வழி சொல்வார்கள். எத்தனை முறை வெட்டினாலும் படவில்லையே என்று புலம்புகிறீர்களா? ஓடிக்கொண்டே போய்ச் சண்டையில் இறங்கியிருப்பீர்கள். உடல் தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை காலியாக இருந்தால் அடி படுவது கஷ்டம். நின்று மூச்சு வாங்கிவிட்டு, உங்கள் ஆளுக்குத் தேர்ச்சியுள்ள ஆயுதத்தால் அடியுங்கள். இன்றைய கணினிக்கு ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் நிரல், இருக்கிறது. அசல் கேமின் கோப்புகள் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

படி 5: வாங்குவதும் நிறுவுவதும்

ஜி.ஓ.ஜி. தளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும், தள்ளுபடி அடிக்கடி வரும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களுக்கு, அவற்றை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸும் சேர்ந்தே வந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கூடவே வரும் கையேட்டை இறக்கிப் படியுங்கள். அந்தக் காலத்தில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தது கையேடுதான். சேவ்களைக் குறைந்தது நான்கு இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள்.

படி 6: இப்போது பின்னோக்கிப் போங்கள்

அல்டிமாவின் முதல் மூன்று பாகங்களைத் தயங்காமல் தாண்டிவிடலாம் என்பது என் கருத்து. நான்காம் பாகம் (1985) ஜி.ஓ.ஜி.யில் இலவசம். அதில் கொல்ல வேண்டிய பெரிய வில்லன் கிடையாது; நேர்மை, கருணை, வீரம் என எட்டு நற்குணங்களில் தேர வேண்டும். மந்திரப் பொருள் விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது, எவ்வளவு காசு வைக்கிறோம் என்று நாமே எண்ணைத் தட்ட வேண்டும். குறைத்து வைத்தால் அவள் எதுவும் சொல்ல மாட்டாள். கேம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

அடுத்து ஏழாம் பாகம் (1992). ஊர்க்காரர்கள் பகலில் வேலைக்குப் போவார்கள், இரவில் தூங்குவார்கள். மாவில் தண்ணீர் சேர்த்து அடுப்பில் வைத்து நீங்களே ரொட்டி சுடலாம். எக்ஸல்ட் என்ற எஞ்சினில் ஓட்டினால் நன்றாக இருக்கும்.

இவ்வளவும் பிடித்திருந்தால் மட்டும் விசார்ட்ரி. முதல் பாகத்தை டிஜிட்டல் எக்லிப்ஸ் 2024-ல் புதிய உருவில் வெளியிட்டது. உள்ளே ஓடுவது அதே பழைய நிரல்தான், வேண்டுமானால் அசல் கேம் ஓடிய ஆப்பிள் 2 கணினியின் திரையைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு ஆடலாம்.