பெண் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் பட்டறை: முதல்முறை நடத்துகிறவர்களுக்கான செய்முறை

பெண் பிள்ளைகளை அறிவியல் பக்கம் இழுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல பேச்சாளர் ஒருவரையும் ஒரு ப்ரொஜெக்டரையும்தான். இரண்டும் இல்லாமலே நடத்தலாம். மேசை, காகிதம், பேட்டரி, எல்இடி விளக்கு, இரண்டு மணி நேரம், இவ்வளவுதான் தேவை. நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் கையிலும் என்ன நடக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது.

இந்த வகைப் பட்டறை நன்றாக நடந்ததா என்று அளக்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: கருவி யார் கையில் இருந்தது? கீழே வரும் எல்லாப் படிகளும் அதைச் சுற்றித்தான்.

படி 1: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் ரோபோ, பிற்பகலில் ராக்கெட், நடுவில் கோடிங் என்று திட்டம் போட்டால் ஒன்றும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் செய்து முடித்து வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய ஒரு பொருள் போதும். இந்தச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொள்வது ஒளிரும் வாழ்த்து அட்டை. காகிதத்தின் மேலேயே மின்சுற்று ஓடும்.

ஏன் அட்டை? காகிதமும் கத்தரிக்கோலும் எல்லாருக்கும் பழக்கமானவை. 'நான் இதை முன்னாடியே செய்திருக்கிறேன்' என்று ஒருத்தி முந்திக்கொள்ள, மற்றவர்கள் ஒதுங்கி நிற்கும் நிலை வராது. எதைச் செய்யச் சொல்கிறோம் என்பது நாம் நினைப்பதைவிட முக்கியம். லியா பூக்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆர்டுயினோ என்பது நிரல் எழுதி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் சின்ன மின்பலகை. அதையே துணியில் நூலால் தைத்து இணைக்கக்கூடிய வடிவில் லில்லிபேட் ஆர்டுயினோ என்று உருவாக்கினார். 2007இல் அது விற்பனைக்கு வந்தது. பிறகு அவரும் பெஞ்சமின் மாக்கோ ஹில் என்ற ஆய்வாளரும் யார் இதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த லில்லிபேட் படைப்புகளில் ஏறக்குறைய 65 சதவீதம் பெண்கள் செய்தவை. வழக்கமான ஆர்டுயினோ பலகையை வைத்துச் செய்தவற்றில் பெண்களின் பங்கு 2 சதவீத அளவில்தான் இருந்தது. இரண்டுக்கும் உள்ளே ஓடும் மின்னணுவியல் ஏறத்தாழ ஒன்றேதான்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் இளஞ்சிவப்புச் சாயம் பூசக் கிளம்பிவிடாதீர்கள். அதுவல்ல விஷயம். தான் செய்ய ஆசைப்படும் ஒன்றைச் செய்வதற்கு மின்சுற்று தேவைப்பட வேண்டும், அவ்வளவுதான். அட்டையில் கலங்கரை விளக்கம் வரைகிறாளா, டைனோசரின் கண்ணா, நிலவா என்பது அவள் பாடு.

படி 2: பொருள்கள்

தடித்த காகிதம், சிஆர்2032 வகைப் பட்டன் பேட்டரி, சிவப்பு நிற 5 மில்லிமீட்டர் எல்இடி, ஒட்டக்கூடிய செப்பு டேப், சாதா செல்லோ டேப், ஆளுக்கொரு கத்தரிக்கோல், பைண்டர் கிளிப். பேட்டரி ஆளுக்கு ஒன்று, எல்இடி ஆளுக்கு இரண்டு. இரண்டிலும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் சொல்லும் சவாலுக்காக நீல எல்இடியும் சில வேண்டும், அதை இப்போது வெளியே எடுக்க வேண்டாம்.

சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கும். பேட்டரி தருவது 3 வோல்ட். பட்டன் பேட்டரிக்கு உள்ளேயே மின்தடை இருப்பதால் மின்னோட்டம் அளவோடுதான் வரும். அதனால் மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எதையும் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் இதே தைரியத்தில் 9 வோல்ட் பேட்டரியை நேராக இணைத்தால் எல்இடி கருகிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பட்டன் பேட்டரியைச் சின்னக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். தம்பி தங்கைகளை அறைக்குள் விடாதீர்கள். கொடுக்கும்போதும் முடிக்கும்போதும் பேட்டரிகளை எண்ணுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற பேட்டரியைப் பற்றிப் பெற்றோரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

படி 3: முந்தின நாளே ஒன்று செய்து பாருங்கள்

நீங்கள் செய்த அட்டையை மாதிரியாகக் காட்டலாம், ஆனால் அழகாகச் செய்யாதீர்கள். கச்சிதமான மாதிரியைப் பார்த்தால் பிள்ளைகள் அதையே நகலெடுப்பார்கள்.

படி 4: அழைப்பு

'பெண்களாலும் முடியும்', 'ஆண்களுக்கு இணையாக' என்றெல்லாம் எழுத வேண்டாம். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகள் அளவுக்குக் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்ற வாக்கியத்தைப் படிப்பவர்கள், ஆண் பிள்ளைகளையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சந்தேகமே இல்லாத பிள்ளைக்குச் சந்தேகத்தை நாமே ஊட்ட வேண்டாமே. 'ஒளிரும் அட்டை செய்யலாம் வாருங்கள். முன் அனுபவம் தேவையில்லை' என்பதே போதும்.

படி 5: முதல் ஐந்து நிமிடம்

பேச்சைக் குறையுங்கள். 'நீங்கள் எல்லாரும் விஞ்ஞானிகள்' என்று உசுப்பேற்றிவிடத் தோன்றும். நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 'விஞ்ஞானியாக இருப்போம்' என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெண் பிள்ளைகளைவிட, 'அறிவியல் செய்வோம்' என்று அழைக்கப்பட்டவர்கள் அதிக நேரம் விடாமல் முயன்றார்கள். ஆகவே பட்டம் கொடுக்காமல் வேலையைக் கொடுங்கள்.

முதல் வேலை இது: ஆளுக்கு ஒரு பேட்டரி, ஒரு எல்இடி. 'இந்த இரண்டை மட்டும் வைத்து இதை எரிய வையுங்கள்.' வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகினால் எரியும், ஆனால் ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும். பாதிப் பேருக்கு எரியும், பாதிப் பேருக்கு எரியாது. எரியாதவள் பக்கத்தில் இருப்பவளுடையதைப் பார்ப்பாள், தன்னுடையதைப் பார்ப்பாள், பிறகு திருப்பிப் போடுவாள். எரிந்ததும், 'ஏன் அப்படி?' என்று அவளே கேட்பாள். அப்போது சொல்லுங்கள்: எல்இடியில் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். நீளமான கால் பிளஸ், குட்டையான கால் மைனஸ். பேட்டரியில் பிளஸ் குறியும் எழுத்துகளும் இருக்கிற பக்கம் பிளஸ். கேள்வி வந்த பிறகு சொல்லும் இந்த மூன்று வரி, முன்கூட்டிச் சொல்லும் அரை மணி நேரப் பாடத்தைவிட நன்றாகப் பதியும்.

படி 6: அட்டையைச் செய்வது

காகிதத்தின் வலது கீழ் மூலையை முக்கோணமாக உள்பக்கம் மடியுங்கள். மடிப்புக்குள் பேட்டரி முழுசாக அடங்க வேண்டும். இப்போது மடிப்பை விரித்து, மடிப்புக் கோட்டை ஒட்டிக் காகிதத்தில் பேட்டரியை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வட்டம் போடுங்கள். எல்இடி எங்கே வர வேண்டும் என்று ஒரு புள்ளி வையுங்கள்.

இனி இரண்டு கோடுகள். முதல் கோடு வட்டத்துக்குள் தொடங்கி எல்இடி புள்ளிவரை போகும். இரண்டாவது கோடு மூலை முக்கோணத்தில், மடித்தால் பேட்டரியின் மேல்பக்கத்தைத் தொடும் இடத்தில் தொடங்கி, மடிப்பைத் தாண்டி அதே புள்ளிக்கு வரும். வருகிற வழியில் வட்டத்துக்குள் நுழையக் கூடாது. புள்ளிக்கு அருகில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே விரலகல இடைவெளி இருக்க வேண்டும். எங்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவும் கூடாது.

பென்சில் கோட்டின் மேல் செப்பு டேப்பை ஒட்டுங்கள். வளைவு வந்தால் டேப்பை வெட்டித் துண்டாக ஒட்டாமல், மடித்துத் திருப்புங்கள். பல டேப்புகளில் பசைப் பக்கம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை ஒட்டினால் பார்க்கத் தொடர்ச்சியாக இருக்கும், மின்சாரம் போகாது.

எல்இடியின் கால்களை இரண்டு பக்கமும் விரித்து, நீளமான காலை இரண்டாவது கோட்டிலும் குட்டையான காலை முதல் கோட்டிலும் படுக்க வைத்து, மேலே செல்லோ டேப் போட்டு நகத்தால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். பேட்டரியை பிளஸ் மேலே இருக்கும்படி வட்டத்தில் வையுங்கள். மூலையை மடித்து கிளிப் போட்டால் விளக்கு எரிய வேண்டும்.

படி 7: எரியாதபோது

எப்படியும் சிலருக்கு எரியாது. பட்டறையின் உயிரே இந்த இருபது நிமிடம்தான். 'கொடு, நான் பார்க்கிறேன்' என்று நாம் வாங்கி, சரிசெய்து, எரிகிற அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை நன்றி சொல்லும். ஆனால் தனக்கு இது வராது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். உதவிக்கு வருகிற பெரியவர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளையின் அட்டையைத் தொடக் கூடாது.

கேள்வி கேட்கலாம். இந்த வரிசையில் கேட்டால் பெரும்பாலும் கோளாறு பிடிபட்டுவிடும்:

- பேட்டரியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது?
- எல்இடியின் காலை விரலால் அழுத்திப் பிடித்தால் எரிகிறதா? எரிந்தால் ஒட்டியது போதவில்லை.
- டேப் எங்காவது கிழிந்திருக்கிறதா? மடிப்பில் விரிசல் இருக்கிறதா?
- இரண்டு கோடுகளும் எங்காவது தொட்டுக்கொள்கின்றனவா?

கடைசியில் சொன்னது ஷார்ட் சர்க்யூட். மின்சாரம் எல்இடி பக்கமே போகாமல் குறுக்கு வழியில் போய்விடும், பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதில் கண்ணுக்குத் தப்புகிற ஒரு வகை உண்டு. பட்டன் பேட்டரியின் பக்கவாட்டு விளிம்பும் பிளஸ்தான். அடியில் இருக்கிற மைனஸ் டேப் சரியாக ஒட்டாமல் மேலெழும்பி அந்த விளிம்பைத் தொட்டால் ஷார்ட். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தும் எரியாத அட்டையில் இதைத் தேடிப் பாருங்கள்.

எரிந்ததும் 'நீ புத்திசாலி' என்று சொல்வதைவிட, 'மடிப்பில் இருந்த விரிசலை எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேளுங்கள். அவள் விளக்குவாள், பக்கத்தில் இருப்பவளும் கேட்டுக்கொள்வாள். முதலில் முடித்த பிள்ளையை அடுத்தவளுக்கு உதவ அனுப்பலாம், அதே கைகட்டும் விதியோடு.

படி 8: சேர்ந்து செய்யும்போது

பொருள் பற்றாக்குறையால் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தால் வேலை தானாகப் பிரிந்துவிடும். ஒருத்தி செய்வாள், மற்றவள் குறிப்பெழுதுவாள், படம் வரைவாள், மேசையைத் துடைப்பாள். ஆண் பிள்ளைகளும் கலந்திருக்கும் குழு என்றால் துடைப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. முடிந்தவரை ஆளுக்கொன்று கொடுங்கள். முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துக் கைமாற்றுங்கள். அவர்களாக மாற்றிக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

படி 9: கொக்கி போடுகிற சவால்

எல்லாரும் முடித்ததும், 'இன்னொரு விளக்கும் சேர்த்து எரிய வைக்க முடியுமா?' என்று கேளுங்கள். சிலர் ஒன்றன் பின் ஒன்றாக இணைப்பார்கள். எரியாது. இரண்டு சிவப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 வோல்ட் வேண்டும், இருப்பது 3. அதே இரண்டு கோடுகளுக்கும் நடுவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எரியும்.

இப்போது ஒளித்து வைத்த நீல எல்இடியை எடுங்கள். தனியாக வைத்தால் எரிகிறது. சிவப்புக்குப் பக்கத்தில் அதே கோடுகளில் வைத்தால் சிவப்பு மட்டும் எரிகிறது, நீலம் அணைந்துவிடுகிறது! சிவப்பைக் கழற்றினால் நீலம் மறுபடியும் வருகிறது. காரணம், சிவப்பு எல்இடி மின்னழுத்தத்தை 2 வோல்ட் அளவுக்கு இழுத்து இறக்கிவிடுகிறது. நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு அருகில் தேவை. இதை உடனே சொல்லிவிடாதீர்கள். ஊகிக்கட்டும், சண்டை போடட்டும். விடை தெரியாமலே வீட்டுக்குப் போனாலும் நல்லதுதான், அடுத்த முறை அதில் தொடங்கலாம்.

படி 10: அனுப்புவதற்கு முன்

கடைசிப் பத்து நிமிடம் பெற்றோரை உள்ளே அழைத்து, பிள்ளைகளே தங்கள் அட்டையைப் பற்றிப் பேசட்டும். எரியாத அட்டையையும் காட்டலாம், என்ன கோளாறு என்று சொல்லத் தெரிந்தால் போதும். பேட்டரிகளை எண்ணுங்கள். அடுத்த பட்டறையின் தேதியை அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு நாள் நடந்து நின்றுபோன பட்டறை வெறும் திருவிழாதான்.

அடுத்ததற்கு மைக்ரோபிட் நல்ல தேர்வு. 2016இல் பிபிசி பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய சின்னக் கணினி அது. 25 எல்இடிகள், இரண்டு பட்டன்கள், அசைவை உணரும் சென்சார் எல்லாம் பலகையிலேயே இருக்கின்றன. மேக்கோட் என்ற இணையத்தளத்தில் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதலாம், பலகை கையில் இல்லாமல் திரையிலேயே ஓட்டியும் பார்க்கலாம். 'குலுக்கினால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, அதைக் காட்டு' என்ற இரண்டு கட்டளையில் நடக்கும் அடிகளை எண்ணும் கருவி தயார். காலில் கட்டிக்கொண்டு நடந்தால் எண்ணிக்கை கண்டிப்பாகத் தப்பாக வரும். ஏன் தப்புகிறது என்று அவர்களே கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.