சாஃபிட் பேனலைக் கழற்றும் முன்: அலுமினியத்தில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழையில்தான் இந்தத் தொல்லை கண்ணில் படும். மொட்டை மாடியில் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டக்கூடு) போட்டு ஷீட் வேய்ந்திருப்போம். சுவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி நீளும் கூரையின் அடிப்பக்கத்தை மூட அலுமினியப் பேனல் அடித்திருப்போம். அதுதான் சாஃபிட். அதன் மூலையில் ஒரு நாள் பழுப்புக் கறை தெரியும், இரண்டு பேனலுக்கு நடுவே தண்ணீர் சொட்டும். உடனே கடைக்கு ஓடி ஒரு சிலிக்கான் ட்யூப் வாங்கி வருவோம். நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை.

அல்சூரில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. "ஜாயின்ட் எல்லாத்தையும் அடைச்சிட்டா சொட்டாது அண்ணா" என்றார் வந்தவர். சொன்ன மாதிரியே சொட்டு நின்றது. ஆனால் மேலிருந்து வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கியது. சில வாரங்களில் பேனல் தொட்டில் மாதிரி தொங்கியது. அதைத் தாங்கிய மரச்சட்டம் ஊறி, ஆணி பிடிக்காத அளவுக்கு மெத்தென்று ஆகிவிட்டது. சாஃபிட் மழையைத் தடுக்கும் தகடு அல்ல, அடிப்பக்கத்தை மூடும் தகடு. அதில் ஈரம் தெரிந்தால் தப்பு கூரையில் இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பார்க்க வேண்டியது ஷீட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர்களை. வெயிலில் இறுகி வெடித்துவிடும், அந்த மயிரிழை வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். அடுத்தது, கூரை விளிம்பில் மழைநீரை வாங்கி ஓடவிடும் கால்வாய், அதில் இலை அடைத்திருக்கலாம். வெயில் நாளில் ஒருவர் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மெதுவாக மேலே ஓஸ் பிடித்துக்கொண்டு போக, இன்னொருவர் கீழே நின்று எங்கே ஈரம் வருகிறது என்று பார்க்கலாம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஓட்டை எது என்றே தெரியாமல் போகும்.

கூரையைச் சரிசெய்த பிறகும் உள்ளே பார்க்கப் பேனலைத் திறந்தாக வேண்டும். இங்கேதான் நிறைய பேனல்கள் வீணாகின்றன. பேனல்கள் ஒன்றையொன்று கவ்வியபடி நிற்பவை. ஒன்றின் உதட்டில், அதாவது ஓரமாக நீட்டியிருக்கும் விளிம்பில், ஆணி அடித்து, அடுத்ததன் கொக்கியை அதன்மேல் மாட்டியிருப்பார்கள். சுவர்ப்பக்க முனை ஜே சேனல் அல்லது எஃப் சேனலுக்குள் (ஆங்கில J, F வடிவில் வளைத்த தகட்டுப் பள்ளம்) செருகியிருக்கும். வெளிப்பக்க முனையை, கூரை விளிம்பில் செங்குத்தாக அடித்திருக்கும் ஃபேஸியா பட்டை மறைத்திருக்கும். அதனால் கடைசியாக மாட்டியதுதான் முதலில் வெளியே வரும். மூலைக்குப் போய்ப் பாருங்கள்: அகலம் குறைத்து வெட்டிய பேனலோ, முகத்திலேயே ஸ்க்ரூ தெரியும் பேனலோ இருந்தால் அநேகமாக அதுதான் கடைசி. முதலில் ஃபேஸியாவின் ஆணிகளைத் தட்டையான பட்டையால் மெதுவாக நெம்பி எடுத்துவிட்டு, அந்த மூலையிலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். நடுவில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்பினால், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகடு மடங்கிவிடும். அந்த மடிப்பை எந்தச் சுத்தியலாலும் திருப்பி எடுக்க முடியாது.

நடுப் பேனல் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் மூலையிலிருந்து இருபது பேனலைக் கழற்றத் தேவையில்லை. கெட்டதை நீளவாட்டில் வெட்டி இரண்டு பாதியையும் மடக்கி எடுங்கள். புதியதன் ஆணி உதட்டை வெட்டிவிட்டு, லேசாக வில் மாதிரி வளைத்து சுவர்ப்பக்க முனையைச் சேனலுக்குள்ளும் வெளிப்பக்க முனையை ஃபேஸியாவுக்குப் பின்னாலும் விட்டு, முகத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டால் போதும். ஆனால் புதுப் பேனலின் நிறம் பளிச்சென்று தனியாகத் தெரியும். மற்ற பேனல்கள் பல வருடம் காற்றிலும் தூசியிலும் மங்கியவை. அதற்கு ஒரு வழி உண்டு: வீட்டின் பின்புறத்திலிருந்து ஒரு பழைய பேனலை எடுத்து முன்பக்கம் போட்டு, புதியதைப் பின்னால் வையுங்கள்.

கை வைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். சாஃபிட்டில் விளக்கு இருந்தால், எலி கடித்த வயர் ஒன்று தகட்டைத் தொட்டாலே வரிசை முழுவதும் கரண்ட் பாயலாம். மெயினை அணைத்தாலும் தெருக்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரில் கரண்ட் இருக்கும், அதன் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம். ஏணியை ஃபேஸியா மேலும் சாய்க்கக் கூடாது, நசுங்கும், வழுக்கும்.

திறக்கும் முன் காதை வைத்துக் கேட்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஊரில் கூரை நீட்டத்துக்கு அடியே வெளியில் தொங்கும் பெரிய கூடு மலைத்தேனீயுடையது, கண்ணுக்குத் தெரியும். பொந்துத் தேனீ அப்படியல்ல, பேனலுக்குள்ளேயே அடை கட்டும். ரீங்காரம் கேட்டாலோ, ஓர் ஓட்டையில் தேனீக்கள் போய் வந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு, தேனீயைக் கொல்லாமல் எடுத்துப்போகும் ஆளைக் கூப்பிடுங்கள். மருந்தடித்துக் கொன்றால் உள்ளே விட்ட தேனும் மெழுகும் வழிந்து, எறும்பும் எலியும் வரும். உள்ளே புறா எச்சம் இருந்தால் உலர்ந்தபடி கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு அள்ளுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல.

மறுபடி மாட்டும்போது, கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியமும் அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவோ அலுமினிய ஆணியோ போடுங்கள். ஃபேஸியா பட்டையில் ஆணியை இறுக்கி அடிக்காதீர்கள். 3 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் அலை அலையாக உப்பும். பக்கத்தில் பூச்சு வேலை நடந்தால் பேனலை மூடி வையுங்கள். ஈர சிமெண்டின் காரம் அலுமினியத்தைக் கடிக்கும், அந்த வெள்ளைக் கறை போகாது. கழுவ சோப்புத் தண்ணீர் போதும், பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது.

துளை போட்ட பேனல் இருந்த இடத்தில் துளையில்லாததைப் போடுவதும், பெயிண்ட் அடிக்கும்போது துளைகளை அடைப்பதும் எனக்கு வருத்தம் தரும் விஷயங்கள். காற்று ஓடி, ஷீட்டுக்கு அடியில் தேங்கும் சூடும் ஈரமும் வெளியேற உதவுபவை அந்தத் துளைகள்தான். பூச்சி வருகிறதென்றால் உள்பக்கம் கொசுவலைக் கம்பி வைத்தால் போதும்.

அப்புறம், இவ்வளவு சிரமப்பட்டுத் திறந்த பிறகு எல்லாவற்றையும் பழையபடி மூடிவிடாதீர்கள். விளக்கு வயரும் கேமரா வயரும் சேரும் இடத்தில் ஒரு பேனலை மட்டும் கொக்கியில் மாட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது வடக்கு மூலையில் அப்படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும், மழைக்கு முன்னால், அதைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறோம்.