வாயின் உட்படலத்தை நாமே பார்த்தறியும் முறை
கைகளைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் வெளிப்புறமாக இழுத்துப் பாருங்கள். ஈரமாகவும் மென்மையாகவும் தெரியும் அந்தப் பரப்பு, பல அடுக்குத் தட்டை உயிரணுக்களால் ஆன, பொதுவாகக் கெரட்டின் (நகத்தில் உள்ளது போன்ற கடினப் புரதம்) படியாத சளிச்சவ்வு. அதனால்தான் அது எளிதில் நெகிழ்கிறது. மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே தெரியும் சிறு மேடு, காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் திறக்கும் இடம். அதைக் கட்டி என்று வீணாக அஞ்ச வேண்டாம். ஈறும் கடின அண்ணமும் (வாயின் மேற்கூரையின் முன்பகுதி) மெல்லும்போது ஏற்படும் உராய்வைத் தாங்க வேண்டியிருப்பதால், கெரட்டின் படிந்து, அடியிலுள்ள எலும்போடு இறுகப் பிணைந்திருக்கும். விரலால் தள்ளினாலும் எளிதில் நகராது. இறுதியாக, பலரும் பார்க்கத் தவறும் நாவின் ஓரங்களையும் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ 2 வாரங்களுக்கு மேல் ஆறாமலிருந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.