எந்தப் புயல், யாருடைய நினைவு? உடன்பிறந்தோர் குடும்ப வரலாறு தொகுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடன்பிறந்தோர் சேர்ந்து குடும்ப வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் முதல் நாளிலேயே ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது. எல்லோரும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, அல்லது வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, பேசிப் பேசியே நினைவுகளைத் திரட்டப் பார்க்கிறார்கள். மூத்த அக்கா உறுதியான குரலில் ஒன்றைச் சொன்னதும் தம்பிகளின் நினைவு தானாகவே அதற்கு இசைந்துவிடும். அரை மணி நேரத்தில் மூவருக்கும் ஒரே கதைதான் மிஞ்சும். உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் குடும்பத்தார் சொன்னதாகவே 24 பேரிடம் கூறியபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுமையாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகச் சொன்னார். சொன்னவர் வீட்டுப் பெரியவர் என்றால் மனம் எளிதில் நம்பிவிடுகிறது. ஆகவே, ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமலிருப்பது நல்லது.

எழுதும்போது, நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, புகைப்படத்தில் பார்த்தது ஆகிய மூன்றையும் கலக்கக் கூடாது. மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சி துல்லியமாக நினைவிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் கேட்டதாகவோ படத்தில் பார்த்ததாகவோதான் இருக்கும். கிணற்றில் விழுந்தது நானா நீயா என்ற சண்டை இல்லாத வீடு அரிது. இரட்டையரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே சம்பவத்தை இருவருமே தமக்கு நேர்ந்ததாக உரிமை கொண்டாடுவதைப் பதிவு செய்திருக்கிறது. இருவருமே மனமறிந்து பொய் சொல்லவில்லை என்பதால், யாரையும் தோற்கடிக்காமல் இரண்டு பதிவுகளையும் பெயரோடு வைத்துக்கொள்வதே முறை.

காலத்தைக் குறிப்பதில்தான் அதிகக் குழப்பம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘புயல் அடித்த வருஷம்தான் தாத்தா தவறினார்’ என்று அம்மா சொல்லியிருப்பார். பிள்ளைகள் தாங்கள் கண்ட 1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயலை நினைத்து அந்த ஆண்டை எழுதிவிடுவார்கள். ஆனால் அம்மாவின் பேச்சில் புயல் என்றாலே 1952 நவம்பர் இறுதியில் அதே கரையைத் தாக்கிய புயலாக இருக்கலாம். 25 ஆண்டு வேறுபாட்டில் தாத்தாவின் வயது, பாட்டி தனித்து வாழ்ந்த காலம், நிலம் கைமாறிய காரணம் எல்லாமே மாறிவிடும். அப்போது வீடு கூரையா ஓடா, யார் கைக்குழந்தை, யாருக்குத் திருமணம் ஆகியிருந்தது என்ற துணைக் கேள்விகளால்தான் இதைத் தீர்க்க முடியும். தமிழ் ஆண்டுப் பெயர்களிலும் இதே ஆபத்து உண்டு. தாது ஆண்டு 1876இலும் 1936இலும் 1996இலும் வந்தது. அதோடு, 1936இல் தொடங்கிய தாது ஆண்டின் தை மாதத்தில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு 1937.

காகிதம் கிடைத்துவிட்டால் நினைவைத் தூக்கி எறிந்துவிடுவது இன்னொரு தவறு. பழைய பள்ளிச் சான்றிதழ்களில் பிறந்த தேதி, முதல் வகுப்பில் சேர்க்கும் வயதுக்கு ஏற்பத் தலைமையாசிரியரே குறித்ததாக இருப்பது சாதாரணம். அந்த இடத்தில் ஜாதகமே அதிக நம்பிக்கைக்குரியது. நாகப்பட்டினம் 1991இல்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், அதற்கு முந்தைய பத்திரங்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்றே இருக்கும். அதைக் கண்டு, குடும்பம் தஞ்சாவூரிலிருந்து குடிபெயர்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒரே வீட்டில் வளர்ந்ததால் ஒரே குழந்தைப் பருவம் வாய்த்தது என்று எண்ணுவதும் பிழை. மூத்தவர் கண்ட அப்பா வட்டிக்கடைக்கு நடந்தவராக இருக்கலாம். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த கடைக்குட்டி கண்டவர் நிலையான வேலையும் நிதானமும் உள்ள மனிதர். அப்பா கோபக்காரரா சாதுவா என்று வாதிடுவதை விட்டு, எந்த ஆண்டின் அப்பாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும் காலத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பேன். அப்போது ஒவ்வொரு நினைவும் பங்கு கேட்கும் சாட்சியாகிவிடும்.

அப்பா வழியை மட்டும் வரைந்துவிட்டு அதைக் குடும்ப மரம் என்று அழைப்பது பலரும் செய்வது. திருமணமாகி வேற்றூர் போன அத்தைகளும் அம்மாவின் தங்கைகளும் அதில் பெயரளவுக்குக்கூட இருப்பதில்லை. ஆனால் குழந்தையிலேயே இறந்தவர்கள், முதல் தாரம், விற்ற நகை போன்ற செய்திகள் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கின்றன. அவர்களிடம் ‘அது அப்படித்தானே அத்தை?’ என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். ‘அப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமலிருக்க வேண்டும். அத்தைக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தால், உடன்பிறந்தோர் கூடுவதற்கு நாள் குறிக்கும் முன்பே அவரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.