நெட்வொர்க் ஷேரை டெர்மினலில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தி.நகர் ஆடிட்டர் ஆபீஸ் ஆகட்டும், அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஆகட்டும், ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு நாஸ் பெட்டி (எல்லாரும் நெட்வொர்க் வழியாக ஃபைல்களை வைத்து எடுக்கும் சேமிப்பகம்) மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் கணினியில் அதன் ஷேரை, அதாவது பொது ஃபோல்டரை, நம் கணினியின் ஒரு ஃபோல்டரோடு இணைக்க மவுண்ட் கட்டளை ஒரே வரிதான். பிழைச் செய்தி வந்தால்கூடப் பரவாயில்லை, தேடிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். சத்தமே இல்லாமல் நடக்கிற தவறுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஷேரை எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்கிறோமோ அது சாதாரணக் காலி ஃபோல்டர். ஷேர் இணையாவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். சாயங்காலம் கரண்ட் போய் வருகிறது. கணினி சட்டென்று எழுந்துவிட, நாஸ் இன்னும் எழவில்லை, மவுண்ட் தோற்றுவிட்டது. ராத்திரி ரூட் (நிர்வாகி) பெயரில் ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் பேக்கப்புக்கு இது தெரியாது. அந்தக் காலி ஃபோல்டரிலேயே, அதாவது கணினியின் சொந்த டிஸ்கிலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு 'முடிந்தது' என்று போய்விடும். காலையில் யாராவது மவுண்ட் செய்தால் நாஸின் பழைய ஃபைல்கள் மேலே வந்து, ராத்திரி கொட்டியவை அடியில் மறைந்துவிடும். டிஸ்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லும். ஃபோல்டர்களின் அளவைக் காட்டும் டியூ போட்டுக் கூட்டினால் கணக்கு உதைக்கும். அன்மவுண்ட் செய்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதைத் தடுப்பது சுலபம். நாஸில் ஒரு அடையாள ஃபைலை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் பேக்கப் ஓடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேருங்கள். அப்புறம், மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டரை 'சாட்டர் பிளஸ் ஐ' (chattr +i) போட்டுப் பூட்டிவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது.

கணினி எழும்போதே தானாக மவுண்ட் ஆக, எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைலில் வரி எழுதுபவர்கள் 'நோஃபெயில்' சேர்க்க மறக்கிறார்கள். அது இல்லாமல் நாஸ் கிடைக்காவிட்டால், சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடக்கி வைக்கும் புரோகிராம்) உள்ள கணினி எழும்போது அதற்காகக் காத்திருந்து தாமதமாகலாம்.

பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே அடிப்பது இன்னொன்று. அது ஷெல் ஹிஸ்டரியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தனி கிரெடென்ஷியல்ஸ் ஃபைலில் எழுதி, அதற்கு 600 பெர்மிஷன் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுங்கள். கூடவே மவுண்ட் கட்டளையில் யூஐடி, ஜிஐடி (உங்கள் பயனர் எண், குழு எண்) இரண்டையும் குறிப்பிடாவிட்டால், பெரும்பாலும் எல்லா ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும். படிக்கலாம், சேமிக்க முடியாது.

'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று பிழை 112 வந்தால் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகாதீர்கள். பிங் போய் வருகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு பக்கமும் எஸ்எம்பி (ஷேர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பதிப்பை 1.0 என்று போடச் சொல்லும் பழைய யோசனை வேலை செய்யும்தான். ஆனால் 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். நாஸ் அமைப்பில் போய் 2 அல்லது 3-ஐ இயக்குங்கள். அதுவே முடியாத பெட்டி என்றால் மாற்றுகிற வயது வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்க ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டைத் திறந்துவிடுவதும் இதே ரகம். விபிஎன் வழியாக வாருங்கள்.

விண்டோஸில் ஷேரை இணைக்க நெட் யூஸ் கட்டளை போடுபவர்களுக்குச் சில சமயம் பிழை 1219 வரும். ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் இணைந்தால் அது ஒப்பாது. பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

அன்மவுண்ட் செய்யும்போது 'பிசி' (busy, பயன்பாட்டில் உள்ளது) என்று மறுத்தால், அநேகமாக உங்கள் டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. வெளியே வந்து மறுபடி போடுங்கள். அப்போதும் மறுத்தால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஃபியூசர் (fuser) கட்டளை காட்டிவிடும். அவசரத்தில் அன்மவுண்ட் கட்டளையோடு 'மைனஸ் எல்' (umount -l) போட்டால் ஃபோல்டர் கண்ணிலிருந்து மறையுமே தவிர, அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் பின்னால் எழுதிக்கொண்டேதான் இருக்கும்.