பொய்ப் பச்சை: அலகுச் சோதனைச் சட்டகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் நிரல்களைச் சரிபார்த்துத் தரும்போது ஒரே விதமான வரியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு கூற்று மெய்யா என்று சரிபார்க்கும் அசர்ட் என்ற சொல். அதன்பின் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் சரிபார்க்க வேண்டிய ஒப்பீடு, ஒரு காற்புள்ளி, சோதனை தோற்றால் காட்ட வேண்டிய செய்தி. பார்வைக்கு முறையான சோதனையாகவே தெரியும். ஆனால் அடைப்புக்குறியைப் போட்டதும் ஒப்பீடும் செய்தியும் சேர்ந்து இரண்டு உறுப்புகள் கொண்ட ஒரு டியூப்பிள், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, ஆகிவிடுகின்றன. உறுப்புகள் உள்ள எந்த டியூப்பிளும் பைத்தானுக்கு மெய்தான். ஆகவே ஒப்பீட்டின் விடை என்னவாக இருந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும். இதற்குப் பைத்தான் எச்சரிக்கை தருகிறது என்றாலும், எச்சரிக்கைகளைத் தாண்டிச் சென்று, சோதனைகள் தேறியதைக் குறிக்கும் கடைசி வரியின் பச்சை நிறத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது எட்டுவதில்லை.

சோதனை தோற்றுச் சிவப்பு வந்தால், எங்கே, எதை எதிர்பார்த்தோம், என்ன கிடைத்தது என்ற மூன்று செய்திகள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. எதையும் சரிபார்க்காமல் வரும் பச்சையிலிருந்து நமக்குக் கிடைப்பது தவறான நம்பிக்கை மட்டுமே. நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்க உதவும் திறமூல அலகுச் சோதனைச் சட்டகங்களைப் பயன்படுத்துவோரும் சரி, அவற்றை உருவாக்குவோரும் சரி, செய்யும் தவறுகளில் மிகுதியானவை இந்தப் பொய்ப் பச்சையில்தான் வந்து முடிகின்றன என்பது என் கருத்து.

இச்சட்டகங்கள் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பதால் தவறுகளும் மொழி கடந்து ஒத்திருக்கின்றன. கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய எஸ்யூனிட் என்ற சட்டகத்தின் அமைப்பைப் பின்பற்றி, 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில் அவரும் எரிக் காமாவும் ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். அதையொட்டி ஸ்டீவ் பர்செல் எழுதிய பையூனிட், 2001இல் வெளிவந்த பைத்தான் 2.1இல் யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் மொழியோடு சேர்ந்தது. பைத்தான் மொழியின் மாற்று இயக்கியான பைபை திட்டத்தின் சூழலில் பிறந்த பைடெஸ்ட் இந்த மரபிலிருந்து ஓரளவு விலகி, வகுப்பு எழுதாமலேயே வெறும் செயற்கூறாகச் சோதனை எழுத வழிசெய்தது. பெயரைப் பார்த்துச் சோதனையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் மட்டும் இந்தக் குடும்பத்தில் பரவலாகத் தொடர்கிறது. முதல் பெருந்தவறு அங்கேயே தொடங்குகிறது.

ஓடாத சோதனைகள்

பைடெஸ்ட் இயல்பாகத் தேடுவது, கோப்பின் பெயர் ‘டெஸ்ட்’ என்று அடிக்கோட்டுடன் தொடங்குவதையோ, அடிக்கோட்டுடன் ‘டெஸ்ட்’ என்று முடிவதையோதான். பெயரை ‘டெஸ்ட்ஸ்’ என்று பன்மையில் தொடங்கிவிட்டால் அந்தக் கோப்பு கண்டுகொள்ளப்படுவதில்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை. ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு சோதனைகளை எழுதினால் பின்னது முன்னதை அழித்துவிடும். பழைய சோதனையை நகலெடுத்து உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிப் பெயரை மாற்ற மறக்கும்போது இது நடக்கிறது. அப்போது நாம் இழப்பது புதிய சோதனையை அன்று, ஏற்கெனவே நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பழைய சோதனையை.

ஜாவாவிலும் இதே நிலைதான். ஜேயூனிட் 5க்கு மாறிய திட்டத்தில், சோதனை என்று அடையாளமிடும் டெஸ்ட் குறிப்பைப் பழக்கத்தால் ஜேயூனிட் 4இலிருந்து இறக்குமதி செய்துவிட்டால், பழைய சோதனைகளை ஓட்டும் வின்டேஜ் இயந்திரம் சேர்க்கப்படாத இடத்தில் அந்தச் சோதனை ஓடவே ஓடாது. ஜாவா திட்டங்களைக் கட்டமைக்கும் மேவன் என்ற கருவியில் சோதனைகளை ஓட்டும் ஷூர்ஃபயர் செருகுநிரல் 2.22.0ஆம் பதிப்பில்தான் ஜேயூனிட் 5இன் தளத்தை நேரடியாக ஆதரிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு மாறியவர்களுக்கு, ஓடிய சோதனைகள் சுழியம் என்ற கணக்கோடு கட்டமைப்பு வெற்றி என்றே செய்தி வந்தது.

ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். நேற்று 412 சோதனைகள் ஓடின, இன்று 12 சேர்த்திருக்கிறோம் என்றால் 424 வர வேண்டும். ஒரு சோதனையும் அகப்படாவிட்டால் பைடெஸ்ட், ஓட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லும் வெளியேற்றக் குறியீடாக 5 என்ற எண்ணைத் தருகிறது. யூனிட்டெஸ்ட் பைத்தான் 3.12 வரும்வரை அந்த நிலையிலும் வெற்றிக்கான சுழியத்தையே தந்தது. பழைய பதிப்புகளில் சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவையகம் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எதையும் பிடிக்காத வலைகள்

பிழை எழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் சோதனைகளை மிக அகலமாக எழுதுவது அடுத்த தவறு. ‘எக்செப்ஷன்’ என்ற பொதுவகையைக் குறிப்பிட்டு, பிழை எழுகிறதா என்று பார்க்கும் ரெய்சஸை எழுதினால், சோதனைக்குள் மாறியின் பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்ததால் எழும் பிழையும் எதிர்பார்த்த பிழையாகவே ஏற்கப்படும். எழ வேண்டிய பிழையின் வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பைடெஸ்டில் மேட்ச் என்ற அளவுருவைக் கொண்டு செய்தியையும் ஒப்பிட வேண்டும். ரெய்சஸைத் தொடங்கும் வித் என்ற சொல்லுக்குக் கீழுள்ள தொகுதிக்குள் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். பிழை எழுந்த வரிக்குக் கீழே அதே தொகுதியில் எழுதப்பட்ட சரிபார்ப்புகள் ஒருபோதும் இயங்குவதில்லை.

உண்மையான பொருளுக்குப் பதிலாகச் சோதனையில் நிற்கும் போலிப் பொருள்களான மாக்குகள் இன்னும் நுட்பமானவை. மாக் பொருளிடம் எந்தப் பெயரில் எதைக் கேட்டாலும் அது இன்னொரு மாக்கைத் தந்துவிடும். சரிபார்க்கும் செயற்கூற்றின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் அது சரிபார்ப்பாக இல்லாமல் வெறும் அழைப்பாகி, அமைதியாகத் தேறிவிடும். பைத்தான் 3.5 முதல், அசர்ட் என்று தொடங்கும் இல்லாத பெயர்களைக் கேட்டால் மாக் பிழை எழுப்புகிறது. ஆயினும் உங்கள் சொந்த வகுப்பின் செயற்கூறுகளுக்கு இந்தக் காவல் இல்லை. ஒரு வகுப்பில் ‘சேமி’ என்ற செயற்கூற்றை ‘பதிவுசெய்’ என்று பெயர் மாற்றினாலும், அந்த வகுப்புக்காக நிற்கும் மாக் பழைய பெயரை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். ஆட்டோஸ்பெக் என்ற வசதியைப் பயன்படுத்தினால் மாக் உண்மையான வகுப்பின் வடிவத்துக்குக் கட்டுப்படும். அதைத் தவிர்ப்பதற்கு நல்ல காரணம் அரிது.

துணைச் செயற்கூறுகளில் அசர்ட் எழுதுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பைடெஸ்ட் தன் சோதனைக் கோப்புகளில் உள்ள அசர்ட் வரிகளை ஏற்றும்போதே திருத்தி எழுதிக்கொள்கிறது. தோல்வியின்போது இருபுற மதிப்புகளும் தெளிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம். ஆனால் நாம் தனியே எழுதி இறக்குமதி செய்யும் துணைத் தொகுதிகள் தாமாக இப்படித் திருத்தப்படுவதில்லை. பைத்தானை உகப்பாக்க நிலையில் ஓட்டினால் அத்தொகுதிகளின் அசர்ட் வரிகள் முற்றிலும் நீக்கப்பட்டுவிடும். அவற்றைத் திருத்துமாறு பைடெஸ்டிடம் பதிவு செய்துகொள்வதே தீர்வு.

எதிர்பார்ப்பு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்குச் சோதனை எழுதுவோரிடம் நான் மிக அழுத்தமாகச் சொல்வது இதைத்தான். நிரலை ஓட்டி, வந்த விடையை நகலெடுத்து, அதையே எதிர்பார்ப்பு மதிப்பாக ஒட்டக் கூடாது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து யூனிகோடு குறியீடுகள் அதில் இருக்கின்றன. தமிழ் படித்த எந்தக் குழந்தையும் அதில் மூன்று எழுத்துகள் என்று சொல்லும்: த, மி, ழ். எழுத்தெண்ணிக்கைச் செயற்கூற்றின் சோதனையில் 5 என்று ஒட்டப்பட்டிருந்தால், அந்தச் சோதனை வழுவுக்குக் காவலாக நிற்கிறது; பின்னர் யாரேனும் அதைச் சரிசெய்தால் அவர்மீதே சிவப்பு விழும். எதிர்பார்ப்பு மதிப்பு நிரலுக்கு வெளியிலிருந்து, அதாவது இலக்கணத்திலிருந்தோ, கையால் கணக்கிட்டதிலிருந்தோ, விவரக்குறிப்பிலிருந்தோ வர வேண்டும். எழுத்துகளாகப் பிரிக்கும் வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் பைத்தானில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவரும் தம் எதிர்பார்ப்பை மூன்று என்று கையால் எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் எழுதலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றிலும் எழுதலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஒப்பீடு மட்டும் பொய்யாகிவிடும். அப்போது தோல்விச் செய்தியில் இரண்டு பக்கமும் ஒரே சொல் தோன்றக் கண்டு குழம்பி, அந்தச் சோதனையைத் தற்காலிகமாகத் தவிர்க்கும்படி குறித்துவிட்டு அப்படியே மறந்துபோகிறவர்கள் உண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரு சரங்களையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐயம் வந்தால் பைத்தானின் ஆஸ்கி செயற்கூற்றால் குறியீடுகளை அச்சிட்டுப் பார்க்கலாம். சட்டகம் எழுதுவோர், பார்வைக்கு ஒத்திருந்தும் வேறுபடும் சரங்களுக்குத் தாமாகவே குறியீட்டெண்களைக் காட்டினால், இலத்தீன் அல்லாத எழுத்துகளில் எழுதும் அனைவருக்கும் அது பேருதவியாக இருக்கும்.

தசம எண்களுக்கும் இது பொருந்தும்: 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினியில் 0.3க்குச் சமமாகாது, பைடெஸ்டின் அப்ராக்ஸ் போன்ற தோராய ஒப்பீடே சரி.

இடமும் நேரமும் வரிசையும்

சென்னையில் பகலில் எப்போதும் தேறும் ஒரு சோதனை, சேவையகத்தில் நள்ளிரவுக்குப் பின் மட்டும் தோற்பதுண்டு. சேவையகம் பெரும்பாலும் உலக ஒருங்கிணைந்த நேரத்தில் இயங்குகிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நமக்கு ஒரு தேதி, அதற்கு வேறு தேதி. ‘இன்று’ என்பதைச் செயற்கூறு தானே கடிகாரத்தைப் பார்த்து அறிந்துகொள்ளாமல் அளவுருவாகப் பெறும்படி எழுதினால், சோதனையில் நிலையான தேதியைக் கொடுத்துவிடலாம்.

ஒரு சோதனை விட்டுச்சென்ற நிலையை இன்னொன்று நம்பியிருப்பது பழைய நோய். ஜாவா 7 வந்தபோது, வகுப்பின் செயற்கூறுகளை மெய்நிகர் இயந்திரம் பட்டியலிடும் வரிசை நிலையற்றதாகி, அதுவரை தற்செயலாகத் தேறிவந்த சோதனைகள் பல தோற்கத் தொடங்கின. 2012இல் வெளிவந்த ஜேயூனிட் 4.11 உறுதியான வரிசை ஒன்றை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. ஜேயூனிட்டும் யூனிட்டெஸ்டும் இயல்பாக ஒவ்வொரு சோதனைக்கும் வகுப்பின் புதிய பொருளை உருவாக்குகின்றன என்றாலும், வகுப்பு மட்டத்தில் வைத்த பட்டியலும், பைடெஸ்டில் முழு ஓட்டத்துக்கும் நீடிக்கும் செஷன் எல்லையோடு எழுதிய ஃபிக்ஸ்சரும் (சோதனைக்குத் தேவையானதைத் தயாரித்துத் தரும் செயற்கூறு) சோதனைகளுக்கிடையே உயிரோடு இருக்கும். வேகத்துக்காக எல்லையை விரிக்கும் முன், அந்தப் பொருளை எந்தச் சோதனையும் மாற்றாது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வரிசையைக் குலைத்து ஓட்டும் செருகுநிரல் ஒன்றைப் பயன்படுத்தினால் மறைந்திருக்கும் சார்புகள் வெளிப்பட்டுவிடும்.

சட்டகத்தை உருவாக்குவோருக்கு

புதிதாகச் சட்டகம் எழுதத் தொடங்குவதே பல வேளைகளில் முதல் தவறாக அமைகிறது. பைடெஸ்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவையானது ஒரு செருகுநிரலில் அடங்கிவிடக்கூடும். மீறி எழுதுவதானால், தோல்வியைச் சோதியுங்கள். தேற வேண்டிய சோதனை தேறுகிறதா என்று பார்ப்பது எளிது. தோற்க வேண்டியது தோற்று, சரியான செய்தியையும் சரியான வெளியேற்றக் குறியீட்டையும் தருகிறதா என்பதே சட்டகத்தின் உண்மையான சோதனை. பைடெஸ்ட் தன்னைத் தானே சோதிக்க, தற்காலிகக் கோப்புறையில் சிறு சோதனைக் கோப்பை எழுதி, அதன்மீது பைடெஸ்டை ஓட்டி, விளைவைப் பரிசோதிக்கும் பைடெஸ்டர் என்ற கருவியை வைத்திருக்கிறது. செருகுநிரல் எழுதுவோரும் அதைப் பயன்படுத்தலாம்.

பிறர் பயன்படுத்தும் பொதுமுகத்துக்கும் உட்பகுதிக்கும் இடையே எல்லை வகுக்காமல் விடுவதன் விலையை ஜேயூனிட் 4 காட்டியது. நிரல் எழுதும் கருவிகளும் கட்டமைப்புக் கருவிகளும் தேவைப்பட்ட தகவலைப் பெற முறையான வாயில் இல்லாததால், இயங்கும்போதே வகுப்பின் உள்ளே பார்க்க உதவும் ரிஃப்ளெக்ஷன் வழியாக அதன் உட்புற மாறிகளுக்குள் கைவைத்தன. அதனால் உட்புறத்தில் சிறு பெயர் மாற்றம் செய்வதும் பராமரிப்பாளர்களுக்குக் கடினமாயிற்று. 2015இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டு 2017இல் வெளிவந்த ஜேயூனிட் 5, கருவிகளுக்கான தளத்தையும், சோதனை எழுதும் ஜூபிட்டரையும், பழையவற்றுக்கான வின்டேஜையும் தனித்தனியே பிரித்தது.

பழைய வசதியை நீக்கும்போது போதிய அவகாசம் தருவதும் முன்னறிவிப்பதும் கடமை. யூனிட்டெஸ்டில் அசர்ட்ஈக்வல்ஸ் என்ற பன்மைப் பெயர் 2011இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்புக்குள்ளாகவே கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டு, 2023இல் வெளிவந்த 3.12இல்தான் நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் எச்சரிக்கையைப் படிக்காதிருந்தவர்களுக்கு அது திடீரென்று நேர்ந்ததாகவே தோன்றியது. பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது நல்லது. பைத்தானுக்கான நோஸ் என்ற சட்டகமோ 2015க்குப் பின் புதிய வெளியீடின்றி நின்றுவிட்டது. 2021இல் வந்த பைத்தான் 3.10இல் அது இயங்கவில்லை. நோஸ் பாணியில் எழுதிய தயாரிப்புச் செயற்கூறுகளைப் பைடெஸ்டும் 2024இல் 8.0ஆம் பதிப்பில் கைவிட்டது. சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வசதிகளைப் பார்ப்பதோடு, கடைசி வெளியீடு எப்போது என்றும், உரிமக் கோப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உரிமம் குறிப்பிடாமல் பொதுவெளியில் வைக்கப்பட்ட நிரல் திறமூல நிரல் ஆகாது.

திறமூலத் திட்டத்துக்கு வழுத்திருத்தம் அனுப்பும்போது அதனுடன் ஒரு சோதனையையும் சேர்ப்பது வழக்கம். அதை அனுப்புவதற்கு முன், திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்தச் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும்; தோற்கும்போது வரும் செய்தி நீங்கள் திருத்திய வழுவையே சுட்ட வேண்டும். அந்தச் செய்தியை, திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தின் விளக்கத்தில் ஒட்டி அனுப்பினால், பராமரிப்பாளர் அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்காது.